மூன்று ஓட்டக்காரரும் நான் சொன்ன பொய்யும்

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோது, குசினி மேசையில் போனை என் பக்கம் திருப்பி வைத்து, "இஞ்ச பாருங்கோ அம்மா, எங்களைப் பற்றி எழுதியிருக்கிறாங்கள்" என்றாய். உங்கள் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை. புது சீசன் தொடங்க முன்னம், அணியில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிற மூன்று ரன்னிங் பேக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டிருந்தார்கள். மூன்று படங்கள், மூன்று பந்திகள். மத்யூவுக்குப் பொறுமையும் கூர்மையான கண்ணும் உண்டாம். பத்தொன்பது வயதுப் புதுப் பெடியன் எமிலுக்கு வேகம், வேகம், பிறகும் வேகம். உன்னைப் பற்றி, மூவரிலும் நீதான் பலசாலி என்று தொடங்கி, 'ஆனால் இரண்டாம் ஆண்டில் வந்த தொடர் தலைவலிகளுக்குப் பிறகு ஒரு முழு ஆட்டத்தை இவனிடம் ஒப்படைக்கப் பயிற்சியாளர் துணியவில்லை' என்று முடித்திருந்தார்கள். நீ சிரித்தாய். "ஒரு நாள் தலையிடிச்சதுக்கு மூண்டு வருசமா எழுதுறாங்கள்" என்றாய். நான் உன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தேன். "நான் இன்னும் முடிக்கேல்லை அம்மா" என்று நீ சொன்னபிறகுதான் அதில் பாதிச் சோறு அப்படியே இருந்ததைக் கண்டேன். மகனே, அந்தத் 'தொடர் தலைவலி' உனக்கு வரவில்லை. வந்ததாகப் போய்ச் சொன்னவள் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டி, விரலை வைத்து வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதழுது போன காலத்திலிருந்து உன் வாசிப்பு அவ்வளவாக முன்னேறவில்லை. பரவாயில்லை. இது மெதுவாக வாசிக்கவேண்டிய கடிதம்தான். நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் "இன்னும் கொஞ்சம் கறி போடவா" என்றுதான் வெளியே வந்தது.

உன் விளையாட்டை விளங்கிக்கொள்ள எனக்கு நான்கு வருடம் பிடித்தது. நீ பதினைந்து வயதில் அந்தத் தோள்கவசத்தையும் ஹெல்மெட்டையும் முதன்முதல் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, இதென்ன இரும்புக்கடை என்று கேட்டேன். நடுவில் நிற்கிறவன் அந்த முட்டைவடிவப் பந்தை உன் கையில் தருவான். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உன்னை விழுத்துவதற்கென்றே வளர்த்துவிட்ட பன்னிரண்டு பேருக்குள் நீ ஓடவேண்டும். இதை ஒருவன் விரும்பிச் செய்வான் என்பதே எனக்கு நம்பமுடியாமல் இருந்தது. முதல் ஆட்டத்தில் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு, "எழும்பிட்டானோ, எழும்பிட்டானோ" என்று அப்பாவை அரித்தெடுத்தேன். "எழும்பிட்டான். இப்ப திரும்ப விழுந்திட்டான்" என்று அவர் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வெட்கமில்லாமல் கத்தப் பழகினேன். நீ பந்தோடு நின்றுவிட்டால், "ஓடடா" என்று நான் தமிழில் கத்துவதைக் கேட்டு முன்வரிசைப் பிரெஞ்சுக்காரர்களும் "ஓடடா" என்று கத்தினார்கள்.

அந்த வயதில் உன்னை நான் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உன் கணக்குப் புள்ளியை என் சிநேகிதி சுமதியின் மகனுடைய புள்ளியோடு, உன் நடப்பை அடுத்த வீட்டுப் பிள்ளையின் நடப்போடு. சுமதியின் மகன் பார்மசி படிக்கப் போய்விட்டான், நீ மண்ணில் விழுந்து எழும்பிக்கொண்டிருக்கிறாய் என்று ஒருநாள் காருக்குள் வைத்துச் சொன்னேன். நீ யன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அவன் நல்ல பெடியன் அம்மா, அவனையே பிள்ளையா எடுங்கோ" என்றாய். கோபம் இல்லாமல்தான் சொன்னாய். அதனால்தான் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றோடு வாயால் ஒப்பிடுவதை நிறுத்தினேன்; மனதால் நிறுத்த அதற்குப் பிறகும் நாள் எடுத்தது.

இப்போது அந்த இரண்டாம் ஆண்டுக்கு வருகிறேன். செப்டெம்பர் மாதம், மழை ஆட்டம். உன்னை ஒருவன் பக்கவாட்டில் வந்து இடித்தான். எல்லாரும் எழும்பினார்கள், நீ மட்டும் புல்லில் குந்தியிருந்து கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பத்து நொடி இருக்கும். பிறகு எழும்பி ஓடினாய், ஆட்டம் முடியும்வரை விளையாடினாய். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா, சும்மா" என்றாய். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

குமரன் மாமா சண்டையில் செத்தார் என்று நீயாகவே நினைத்துக்கொண்டாய். எங்கள் ஊரில் அந்த வருடங்களில் செத்த எல்லாரையும் பற்றி இங்கே அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் திருத்தவில்லை. என் தம்பி சைக்கிளில் வந்து மதகில் அடிபட்டு விழுந்தான். பத்தொன்பது வயது. காயம் என்று சொல்ல ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தான். "தலையில பட்டதோ?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அக்கா, சும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். பின்னேரம் தேத்தண்ணிக்கு எழுப்பப் போனது நான்தான். வீட்டில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னதை நம்பியவள் நான் என்பது என்னோடு விமானம் ஏறி இங்கேயும் வந்தது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு மூன்று நாள் உன்னை ஒளித்து ஒளித்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் காலையில் நீ மேசையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். நித்திரைக் குறைவாக இருக்கலாம். அவ்வளவுதான் நான் கண்டது. அடுத்த நாள் நான் சமைக்கும் கார்டெரியில், அந்தச் சிறுவர் காப்பகத்தில், பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொடுத்துவிட்டு, அப்பாவுக்கும் சொல்லாமல், சென்ட் லோரன்டிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்து உன் கோச்சின் அறைக்குப் போனேன். என் பிரெஞ்சு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படித்த பிரெஞ்சு என்று உனக்குத் தெரியும். விழுந்து அடிபட்ட பிள்ளைகள் சொல்கிற 'பொபோ' என்ற சொல்தான் எனக்கு வந்தது. அவனுக்குத் தலையில் பொபோ என்றேன். அந்தப் பெரிய மனிதர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, எப்போதிருந்து என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் என்றேன். வாந்தி எடுக்கிறானா என்று கேட்டார். ஓம், இரண்டு தரம் என்றேன். நீ வாந்தி எடுக்கவே இல்லை. சொன்னது நான் என்று உனக்குத் தெரியக்கூடாது என்றும் கேட்டேன். அவர் வாக்குக் கொடுத்தார். இன்றுவரை காப்பாற்றியிருக்கிறார்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஏன் நடந்தது என்பதுதான் தெரியாது. டொக்டர் உன்னைச் சோதித்தார். நீ ஒன்றுமில்லை என்றாய். விளையாடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான்கு கிழமை உன்னை வெளியே இருத்தினார்கள். உன் இடத்தில் மத்யூ இறங்கினான், நன்றாக ஓடினான், அந்த இடம் அவனுடையதாகிவிட்டது. "உனக்கு நெருக்கமான ஒருவர் சொன்னார்" என்று மட்டும் கோச் உன்னிடம் சொல்லியிருந்தார். நீ குசினிக்குள் வந்து நின்றாய். நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மத்யூதான் அம்மா. அடிபட்ட அண்டைக்குப் பின்னேரம் வெளிச்சம் கண்ணுக்குள்ள குத்துது எண்டு அவனுக்கு மட்டும்தான் சொன்னனான். என்ரை இடத்துக்காகப் போய்ச் சொல்லியிருக்கிறான்."

நான் கத்தியைக் கீழே வைத்திருக்கவேண்டும். "சரி, முதல்ல சாப்பிடு" என்றேன்.

கோச்சிடம் சொன்ன பொய்யைவிட இதுதான் என் பெரிய பிழை. பொய் சொன்னபோது பயத்தில் இருந்தேன். இங்கே பயம்கூட இல்லை. நீ என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடக்கூடாது என்ற ஆசை மட்டும்தான். அதற்கு விலையாக மத்யூவைக் கொடுத்தேன். தாய் தகப்பனை விட்டு ரிமூஸ்கியிலிருந்து படிக்க வந்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேசையில் இருந்து, புட்டை முள்ளுக்கரண்டியால் குத்தமுடியாமல் கையால் அள்ளிச் சாப்பிட்டவன். அந்த டிசம்பரில் ஒருநாள் ஒரு தகரம் மேப்பிள் பாணியோடு வாசலில் வந்து நின்றான். நீ மேலே உன் அறையில் இருந்தாய். நான் தகரத்தை வாங்கிக்கொண்டு, நீ வீட்டில் இல்லை என்றேன். அவன் வாசலில் கிடந்த உன் சப்பாத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "மெர்சி மதாம்" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனான். மூன்று வருடமாக நீங்கள் இருவரும் ஒரே அறையில் உடுப்பு மாற்றி, ஒரே பந்துக்காக வரிசையில் நின்று, ஒரு வார்த்தை கதைக்காமல் இருக்கிறீர்கள்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு உங்கள் பயிற்சியைப் பார்க்க வந்தேன். நீ என்னைக் காணவில்லை. மேல் வரிசையில், தொப்பியோடு இருந்தேன். பத்திரிகைக்காரன் செய்ததை நானும் செய்து பார்க்கலாம் என்று மூன்று பேரையும் ஒப்பிட்டேன். எமில் வேகம்தான், பந்து கைக்கு வந்தது தெரியும், பிறகு முதுகுதான் தெரியும். ஆனால் எங்கே போகிறோம் என்று தெரியாமலே போய்விடுகிறான். மத்யூ பந்தை வாங்கிவிட்டு அரை நொடி சும்மா நிற்பான். கோயில் தேருக்கு வந்த சனத்துக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் எங்கே விலகும் என்று பார்ப்பாரே, அப்படி. விலகின இடத்தால் போய்விடுவான். நீ அவனளவு பொறுமைசாலியில்லை, எமிலளவு வேகமும் இல்லை. தாய் என்று பார்த்தாலும் அதுதான் உண்மை. ஆனால் பந்து உன் கையில் இல்லாதபோது நீ செய்வதை மற்ற இருவரும் செய்யவில்லை. பந்து எறிகிறவனை அடித்து விழுத்த ஒருவன் ஓடிவருகிறான். அவன் எந்தப் பக்கத்தால் வருவான் என்று முதலே கண்டுகொண்டு நீ குறுக்கே போய் நிற்கிறாய். ஒவ்வொரு முறையும். அதற்கு ஒருவரும் கைதட்டுவதில்லை. எந்தப் பந்தியிலும் அது இல்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக, ஒருவரும் தோற்கவேண்டும் என்று நினைக்காமல் மூன்று பிள்ளைகளை ஒப்பிட்டேன். அப்படி ஒப்பிட்டால் ஆளாளுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் தெரிகிறது, மகனே. உன்னை நான் ஒப்பிட்ட காலத்தில் உன்னிடம் இல்லாததை மட்டும்தான் தேடினேன்.

பிறகுதான் அதைக் கண்டேன். எமில் அந்தக் குறுக்கே நிற்கும் வேலையில் இரண்டு தரம் பிழைவிட்டான். நீ போய்க் காலை எப்படி வைப்பது என்று காட்டினாய். மறுபக்கத்திலிருந்து மத்யூவும் வந்து, கண்ணை எங்கே வைப்பது என்று சொன்னான். நீ சொல்லும்போது மத்யூ வானத்தைப் பார்த்தான். அவன் சொல்லும்போது நீ நிலத்தைப் பார்த்தாய். அந்தப் பிள்ளை நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டுத் திரும்பவும் பிழையாகச் செய்தான். மேல் வரிசையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. இறங்கினேன்.

நீ உள்ளே போய்விட்டாய். மத்யூ தண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றான். என்னைக் கண்டதும், "பொன்ஜூர் மதாம்" என்றான். அவ்வளவு நடந்தபிறகும். நாங்கள் பிரெஞ்சில்தான் கதைத்தோம். உனக்கு எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"மத்யூ, அவனுக்குத் தலையிடி எண்டு கோச்சிட்டச் சொன்னது நான்" என்றேன். "பொய்யும் சேர்த்துச் சொன்னனான்."

அவன் ஒரு போத்தலைக் கையில் வைத்தபடி நின்றான்.

"நான் இல்லையெண்டு அவனுக்கு எத்தினை தரம் சொன்னனான், தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும் பேசாம இருந்தனீங்கள்."

"ஓம்."

அவன் போத்தலைப் பெட்டியில் வைத்தான். அதற்குள் இருந்த மற்றப் போத்தல்களை எடுத்துத் திரும்பவும் அடுக்கினான். என்னை ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவன் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இனி என்ன செய்வது என்று தெரியாமல் நான் கட்டடத்துப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போறீங்கள்?"

"கோச்சிட்ட. நான் சொன்னது பொய்யெண்டு சொல்லி எழுதிக் குடுக்கப் போறன்."

"வேண்டாம்" என்றான் உடனே. "போனமுறையும் அவனுக்குத் தெரியாமத்தான் போனனீங்கள். முதல்ல அவனிட்டச் சொல்லுங்கோ. கோச்சிட்டப் போறதோ விடுறதோ அவன் பாக்கட்டும்."

மகனே, நான் இருபது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சமைத்து, என் பிள்ளையையும் வளர்த்தேன். இது எனக்குத் தோன்றவில்லை. பிழையைத் திருத்தப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அதே பிழையை அதே கதவால் திரும்பச் செய்யப் போனேன்.

"அவன்ரை பேர் சரியாகினால் உன்ரை இடம் போகலாமே" என்று கேட்டேன்.

"போகலாம்" என்றான். "எமில் எங்கள் ரெண்டு பேரையும்விட வேகம். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அவனுக்குச் சொல்லிக் குடுத்தால் அணிக்கு மூண்டு ரன்னிங் பேக் இருப்பம். இப்ப ஒண்டரைதான் இருக்கு." பெட்டியைத் தூக்கினான். "சனிக்கிழமை ஆட்டத்துக்கு முதல் சொல்லுங்கோ, மதாம். எந்தப் பக்கத்தால ஆள் வருதெண்டு அவனுக்குத்தான் தெரியும். மூண்டு வருசமா அவன் அதை எனக்குச் சொல்லுறேல்லை."

அன்று பின்னேரமே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீவியை நிறுத்தினார். பிறகு, "அந்த அடியைக் கண்டு நானும்தான் பயந்தனான். என்னட்டை ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம்" என்றார். இன்று காலையில் வேலைக்குப் போகும்போது, "எழுதி முடி. நான் கொண்டுபோய் அவன்ரை கையிலயே குடுக்கிறன்" என்றார். ஆகவே நீ இதை வாசிக்கும்போது அப்பா உன் ஃபிளாட்டுக்குக் கீழே காருக்குள் இருப்பார். அவரை மேலே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடு. அன்றைக்கு நான் செய்ததில் அவர் ஒன்றும் அறியாதவர்.

உன்னிடமும் ஒன்றைச் சொல்லவேண்டும். பழியைப் பங்குபோடுவதற்காக இல்லை. அன்று பின்னேரம் வெளிச்சம் கண்ணைக் குத்தியது என்று மத்யூவுக்குச் சொன்ன நீ, எனக்கும் டொக்டருக்கும் ஒன்றுமில்லை என்றாய். நீ குறைத்துச் சொன்னாய், நான் கூட்டிச் சொன்னேன். உண்மை எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதற்காக அடிவாங்கியவன் மத்யூ. என் பயம் உண்மையானது. பயம் உண்மை என்பதற்காக அதன் வாயிலிருந்து வருவதெல்லாம் உண்மையாகிவிடாது. நாளைக்கு உனக்கென்று ஒரு பெண்ணும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்காகப் பயப்படுவாய், பயப்படாமல் ஒருவரையும் நேசிக்கமுடியாது. ஆனால் அந்தப் பயத்தை அவர்களிடமே சொல். அவர்களைச் சுற்றிக்கொண்டு வேறொருவரிடம் போகாதே.

கோபப்படு. அவசரப்பட்டு, ஆட்டத்துக்கு முன்னால் மனது லேசாகவேண்டும் என்பதற்காக என்னை மன்னிக்காதே. எனக்கு நாள் இருக்கிறது. மத்யூவுக்கு மட்டும் நாள் கடத்தாதே. உங்கள் இருவருக்கும் இது கடைசி சீசன், முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், எமிலுக்குக் கால் வைக்கப் பழக்கும்போது, "கண்ணை எங்க வைக்கவேணும், நீ சொல்லு" என்று அவன் பக்கம் திரும்பினால் போதும். கோச்சிடம் நீ போனாலும், போகாமல் விட்டாலும், என்னையும் கூட்டிக்கொண்டு போனாலும் சரி. கூப்பிட்டால் வருவேன். அந்தக் கதிரையில் இருந்து, நான் சொன்னதில் எது பொய் என்று என் பொபோப் பிரெஞ்சிலேயே சொல்வேன்.

சனிக்கிழமை அப்பாவும் நானும் வருகிறோம். நீ எங்கள் பக்கம் பார்க்காவிட்டாலும் விளங்கிக்கொள்வேன். உன்னை யாராவது இடித்து விழுத்துவார்கள். அது உன் வேலை. நான் முகத்தை மூடமாட்டேன், படியிறங்கி ஓடியும் வரமாட்டேன். ஆட்டம் முடிந்தபின் கேட்பேன், அது என் வேலை. வலித்தால் வலிக்கிறது என்று சொல், முதலில் டொக்டரிடம், பிறகு என்னிடம். வலிக்காவிட்டால் இல்லை என்று சொல். எதைச் சொன்னாலும் நம்புவேன்.

அம்மா